வீடு என்னும் பணியிடம்

(கல்லூரியில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



தம் தாயின் நினைவாகப் பிள்ளைகள் நிறுவிய அறக்கட்டளை இது. அந்த அம்மையார் தம் கடைசி ஆண்டுகளைச் சொந்த வீட்டிலேயே, சம்பளத்துக்கு வந்து உடன் தங்கிய ஒரு பெண்ணின் பராமரிப்பில் கழித்தவர். அதனால்தான் "முதியோர் இல்லத்துக்கு மாற்றாக வீட்டுப் பராமரிப்பு" என்று தலைப்பைக் கொடுத்திருக்கிறார்கள். அழைப்போடு நினைவு மலர் ஒன்றையும் அனுப்பியிருந்தார்கள். அம்மையாரைப் பற்றி அதில் பல பக்கங்கள் உண்டு. பார்த்துக்கொண்ட பெண்ணைப் பற்றி ஒரே ஒரு வரி: "உடன்பிறவாத் தங்கைபோல் இருந்தார்." நல்ல மனத்தோடு எழுதிய வரிதான். ஆனால் சமுதாய நலச் செவிலியப் பாடத்தைக் காலமெல்லாம் நடத்தியவள் என்ற முறையில், எனக்கு அந்தப் பெண்ணைப் பற்றி இன்னும் சில கேள்விகள் இருந்தன. எங்கே படுத்தார்? எப்போது தூங்கினார்? வாரத்தில் எந்த நாள் அவருடையது? இன்றைய பேச்சு பெரும்பாலும் இந்தக் கேள்விகளைச் சுற்றித்தான்.

முதலில் கொஞ்சம் கணக்கு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேருக்குச் சற்று அதிகம். மத்திய அரசின் கணிப்புக் குழு 2021-க்கு 13.6 விழுக்காடு என்றும், 2031-க்கு 18.2 விழுக்காடு என்றும் சொன்னது. கேரளத்துக்கு அடுத்த இடம் நம்முடையது. மறுபக்கம், ஒரு பெண்ணுக்கு எத்தனை குழந்தை என்ற சராசரி, மாதிரிப் பதிவுத் திட்டத்தின் 2020 அறிக்கைப்படி தமிழ்நாட்டில் 1.4. ஆக, இன்று இளைய தம்பதியாக இருப்பவர்கள் படுக்கையில் விழும் காலத்தில் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பிள்ளை, மிஞ்சினால் இரண்டு. அந்தப் பிள்ளை பெங்களூரிலோ டல்லாஸிலோ இருக்கும். உள்ளூரிலேயே இருந்தாலும் ஒன்பது மணிக்கு வேலைக்குக் கிளம்பும்.

முதியோர் இல்லத்துக்கு மாற்று எது என்று கேட்கும்போது, ஏதோ புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கப் போவதுபோல் பேசுகிறோம். வீட்டோடு தங்கி, இரவும் பகலும் கிழவனாரையும் கிழவியாரையும் பார்த்துக்கொள்ளும் ஆள் நம் வீடுகளில் எப்போதும் இருந்தார். பெரும்பாலும் மருமகள், சில வீடுகளில் கல்யாணமாகாத மகள், சில வீடுகளில் புருஷனை இழந்து பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்த அத்தை. சம்பளம் கிடையாது, லீவு கிடையாது. "எங்க அம்மாவைப் பொன்னாட்டம் வெச்சுப் பாத்துக்கிட்டோம்" என்று பெருமைப்படும் மகன்கள் எல்லாருமே அந்தப் பன்மைக்குள் ஒரு பெண்ணை ஒளித்து வைத்திருக்கிறார்கள். நாட்டின் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் ஏறத்தாழ பத்துக்கு நான்கு பேர் இன்று தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். அந்த மருமகள் விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறிப் போய்விட்டாள். நான் அதற்காகக் கண்ணீர் விடுபவள் இல்லை. அவள் போனதால் காலியான இடத்துக்குத்தான் இப்போது ஏஜென்சிக்குப் போன் செய்து ஆள் கேட்கிறோம்.

இல்லமா, வீடா என்றால் என் வாக்கு பெரும்பாலும் வீட்டுக்குத்தான். காரணம் பாசமோ பண்பாடோ அல்ல, நோயாளியின் உடம்பு. மறதி நோய் முற்றிய ஒரு மூதாட்டியைப் பாருங்கள். பெற்ற மகனின் பெயர் வாயில் வராது. ஆனால் இருட்டில் எழுந்தால் கை தானாகச் சுவரில் சுவிட்ச் இருக்கும் இடத்துக்குப் போகும். கட்டிலிலிருந்து கக்கூஸுக்கு எத்தனை எட்டு என்று கால் அறியும். பெயர்களையும் நாட்களையும் வைத்திருக்கும் நினைவு அழிந்த பிறகும், பழக்கத்தை வைத்திருக்கும் நினைவு வெகுகாலம் நிற்கிறது. அவரைத் தூக்கிப் புது இடத்தில் வைத்தால் அந்தக் கடைசிக் கையிருப்பும் ஒரே நாளில் போய்விடும். புது இடத்தில் விழுகிறார், இடுப்பெலும்பு முறிகிறது, அதன்பின் எழுவதில்லை. சாயங்காலம் ஐந்து ஐந்தரைக்கு மேல் இந்த நோயாளிகளுக்கு ஒரு பதற்றம் பிடிக்கும். "வீட்டுக்குப் போகணும், நேரமாச்சு" என்று வாசலுக்கும் கூடத்துக்கும் நடப்பார்கள். சொந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டே அப்படிச் சொல்பவர்களும் உண்டுதான். இருந்தாலும் விளக்கேற்றும் இடம், கொல்லைப்புற முருங்கை, காப்பி டம்ளரின் வடிவம் என்று பழகிய ஏதாவது ஒன்றைக் காட்டி அவர்களை அமர்த்த முடிகிறது.

பக்கவாதம் வந்தவருக்கும் அப்படியே. இல்லத்தில் ஒரு ஆயா பத்துப் பேரைப் பார்ப்பார். பத்துப் பேருக்கும் ஒரே நேரத்தில் இட்லி. விழுங்குவதற்குச் சிரமப்படும் ஒருவருக்கு அரை இட்லி ஊட்ட முக்கால் மணி நேரம் ஆகலாம். நிமிர்த்தி உட்காரவைத்து, முகவாயைச் சற்றே கீழே தாழ்த்தச் சொல்லி, ஒரு வாய் உள்ளே போனது உறுதியான பிறகு அடுத்த வாய். அவசரப்பட்டால் புரை ஏறும். புரை ஏறிய சோறு நுரையீரலுக்குப் போனால் நிமோனியா. ஒருவருக்கு ஒருவர் என்று இருக்கும் வீட்டில்தான் அந்த முக்கால் மணி நேரம் கிடைக்கும். வீட்டுப் பராமரிப்பின் மொத்த நியாயமும் இந்த முக்கால் மணி நேரத்தில் இருக்கிறது என்றுகூடச் சொல்வேன்.

இனி, இந்த நியாயம் எங்கே உடைகிறது என்று பார்ப்போம்.

ஏஜென்சியில் கேட்கும் முதல் கேள்வி: "12 மணி நேர டியூட்டியா, 24 மணி நேர டியூட்டியா?" பகலுக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர் என்று இரண்டு பேரை வைத்தால் செலவு ஏறத்தாழ இருமடங்கு. தங்கி வேலை செய்யும் ஒரே ஆள் என்றால், சென்னையில் இன்று மாதம் ரூ.20,000-க்கு மேல் பேச்சு தொடங்குகிறது. அதில் ஏஜென்சியின் பங்கு போகக் கைக்கு வருவதுதான் அந்தப் பெண்ணுக்கு. நடுத்தரக் குடும்பம் கணக்குப் போட்டுப் பார்த்து 24 மணி நேர டியூட்டிக்குச் சம்மதிக்கிறது. ஒரு மனித உடம்பு 24 மணி நேரம் டியூட்டி பார்க்குமா என்று தரகரும் கேட்பதில்லை, குடும்பமும் கேட்பதில்லை. வருகிற பெண்ணுக்கும் கேட்க வழியில்லை. மகள் கல்யாணத்துக்கு வாங்கியது, குழுக் கடன், புருஷனின் ஆஸ்பத்திரிச் செலவு என்று அவருக்குப் பின்னால் ஒரு தவணை நிற்கும்.

நான் அறிந்த ஒரு வீட்டைச் சொல்கிறேன். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். இடப்பக்கம் விழுந்துவிட்டது, கூடவே மறதியும். பார்த்துக்கொண்டவர் திருக்கோவிலூர்ப் பக்கத்துப் பெண், நாற்பதைத் தாண்டியவர், எட்டாம் வகுப்பு வரை படித்தவர். கெட்டிக்காரி. யாரும் சொல்லாமலே ஒரு கோடு போட்ட நோட்டில் எல்லாவற்றையும் எழுதி வைப்பார். ஒரு நாள் இரவுப் பக்கம் இப்படி இருந்தது:

9.30 மாத்திரை. 10.45 மூத்திரம். 11.50 தண்ணி கேட்டார். 1.10 வலப்பக்கம் திருப்பினேன். 2.05 எழுந்து உட்கார்ந்தார், பிரேயர் பெல் அடிச்சாச்சா என்றார். 2.40 படுத்தார். 3.15 மூத்திரம், பெட்ஷீட் மாற்றினேன். 4.30 இருமல். 5.20 எழுந்துவிட்டார்.

குடும்பத்துக்கு அந்த நோட்டின்மேல் அபாரப் பெருமை. டாக்டரிடம் காட்டுவார்கள். டாக்டரும் பாராட்டுவார். அது நோயாளியின் குறிப்பு என்று எல்லாரும் படித்தார்கள். எழுதியவரின் தூக்கக் கணக்கும் அதுதான் என்று யாருக்கும் தோன்றவில்லை. இரண்டு பதிவுகளுக்கு இடையே அன்றிரவு கிடைத்த மிக நீண்ட இடைவெளி ஒரு மணி இருபது நிமிடம். காலை 5.20-க்கு மேல் காப்பி, முகம் கழுவல், குளியல், கஞ்சி என்று பகல் டியூட்டி ஆரம்பமாகிவிடும். மதியம் ஐயா கண்ணயர்ந்தால் இவரும் கண்ணயரலாம் என்பது ஏற்பாடு. ஐயா கண்ணயரும் நேரத்தில்தான் துணி அலசல்.

இப்படித் தொடர்ந்து பத்து நாள் தூங்காத ஒரு செவிலியரை எந்த மருத்துவமனையாவது வார்டில் நிறுத்துமா? நிறுத்தாது. அங்கே அதைத் தவறு என்போம். வீட்டில் நடந்தால் விசுவாசம் என்கிறோம்.

படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும் என்பது செவிலியத்தின் பாலபாடம். திருப்பாவிட்டால் முதுகெலும்பு முடியும் இடத்திலும் குதிகாலிலும் தோல் சிவக்கும். விரலால் அழுத்தினாலும் அந்தச் சிவப்பு மறையாது. அடுத்து தோல் உரியும், அதன்பின் குழி விழும். காற்று மெத்தை இருந்தாலும் திருப்பத்தான் வேண்டும். தூக்கம் கெட்ட ஆள் முதலில் விட்டுவிடுவது நள்ளிரவு ஒரு மணித் திருப்பலைத்தான். அது சோம்பல் இல்லை, உடம்பு அணைந்துபோவது. புண்ணைக் கண்டதும் "சரியாவே பாக்கல" என்று ஏஜென்சிக்குப் போன் போகும். ரீப்ளேஸ்மென்ட் வரும். புது ஆளுக்கு ஐயாவின் பழக்கம் எதுவும் தெரியாது. புண் ஆறுவதற்குள் மூன்றாவது ஆள். தலைமை ஆசிரியர் வீட்டில் அப்படி ஆகவில்லை. மகன் வாரத்தில் இரண்டு இரவுகளைத் தான் பார்ப்பதாக ஏற்றுக்கொண்டார். அந்த இரண்டு இரவும் அந்தப் பெண் வேறு அறையில் கதவைச் சாத்திப் படுத்துக்கொண்டார். முதல் வாரத்திலேயே மகனுக்கு அந்த நோட்டு புரிந்துவிட்டது.

தூங்கும் நேரம் வேலை நேரமா என்ற இந்தக் கேள்வி, மேல்நாட்டு உச்சநீதிமன்றங்களையே இரண்டு பக்கமாகப் பிரித்திருக்கிறது. 2021 மார்ச் மாதம் பிரிட்டனின் உச்சநீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. நோயாளி வீட்டில் இரவு தங்கும் பராமரிப்பாளர் தூங்கும் நேரத்துக்குக் குறைந்தபட்ச ஊதியம் கேட்க முடியாது. எழுப்பப்பட்டு வேலை செய்யும் நேரத்துக்கு மட்டுமே அது பொருந்தும் என்று. மூன்றே மாதம் கழித்து, ஜூன் 24 அன்று, ஜெர்மனியின் கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றத்தின் முன் ஒரு பல்கேரியப் பெண்ணின் வழக்கு வந்தது. பெர்லினில் 90 வயதைத் தாண்டிய மூதாட்டியோடு தங்கிப் பார்த்துக்கொண்டவர். ஒப்பந்தத்தில் வாரம் 30 மணி நேரம் என்று இருந்தது. உண்மையில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் படுக்க வேண்டும். கூப்பிட்டால் ஓட வேண்டிய நிலையில் காத்திருக்கும் நேரமும் வேலை நேரமே, அதற்கும் குறைந்தபட்ச ஊதியம் உண்டு என்றது நீதிமன்றம். என் சார்பு எந்தப் பக்கம் என்று நீங்கள் ஊகித்திருப்பீர்கள். ஒரு காதை விழிக்கவைத்துத் தூங்குவது தூக்கமல்ல என்பது பிள்ளை பெற்ற எவருக்கும் தெரியும்.

இத்தாலியில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ள உக்ரைன், ருமேனியா, மால்டோவா பெண்கள் லட்சக்கணக்கில் வந்து வீடுகளில் தங்குகிறார்கள். அங்கே வீட்டு வேலைக்கென்றே தேசிய அளவிலான ஊதிய ஒப்பந்தம் இருக்கிறது. தங்கி வேலை செய்பவருக்கு வாரம் 54 மணி நேரம்தான், நாளுக்குத் தொடர்ச்சியாக 11 மணி நேர ஓய்வு, வாரத்தில் 36 மணி நேர விடுப்பு, ஆண்டுக்குப் பதின்மூன்றாவது மாதச் சம்பளம். எல்லா வீட்டிலும் இது நடக்கிறதா என்றால் இல்லை. ஆனால் நடக்காதபோது சுட்டிக்காட்ட ஒரு காகிதம் இருக்கிறது. ஆஸ்திரியா 2007-இல் வீட்டோடு தங்கும் பராமரிப்புக்கென்று தனிச் சட்டமே இயற்றியது. இரண்டு பெண்கள் இரண்டு வாரமோ நான்கு வாரமோ மாறி மாறி வருவது அங்கே வழக்கம். பெரும்பாலும் ஸ்லோவாக்கியா, ருமேனியாவிலிருந்து வருகிறார்கள். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக எல்லைகளை மூடியபோது, இவர்கள் இல்லாமல் வயதானவர்களின் கதி என்ன என்று திகைத்து, தனி விமானம் வைத்து அழைத்து வந்தார்கள். சிங்கப்பூரில் தமிழ்க் குடும்பங்கள் உட்படப் பலரும் இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், மியான்மர், இலங்கை, நம் தமிழ்நாடு ஆகிய இடங்களிலிருந்து வரும் பணிப்பெண்களையே இதற்கு நம்பியிருக்கிறார்கள். அங்கே 2013 முதல் வார விடுப்பு உண்டு. அதைக் காசு கொடுத்து ஈடுகட்டிக்கொள்ளலாம் என்ற ஓட்டை இருந்தது. 2023 முதல், மாதத்தில் ஒரு நாளையாவது காசுக்கு விற்க முடியாது என்று அதையும் ஓரளவு அடைத்தார்கள்.

நம் நாட்டு நிலவரத்தைச் சொல்ல அதிக நேரம் ஆகாது. வீட்டுப் பணியாளர் உரிமைகளுக்கான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 189-ஆம் உடன்படிக்கைக்கு 2011-இல் இந்தியா ஆதரவாக வாக்களித்தது. இன்றுவரை ஏற்புறுதி செய்யவில்லை. தமிழ்நாட்டில் 2007 முதல் வீட்டுப் பணியாளர் நல வாரியம் இருக்கிறது. 2018-இல் வீட்டு வேலைக்குக் குறைந்தபட்ச ஊதியமும் அறிவிக்கப்பட்டது. இந்த இரண்டையும் கேள்விப்பட்டிருக்கிறீர்களா என்று நான் பார்த்த தங்கு பராமரிப்பாளர்களிடம் கேட்டிருக்கிறேன். சிரிப்புதான் பதில். 2025 ஜனவரியில் உச்சநீதிமன்றம், வீட்டுப் பணியாளருக்கென்று சட்டம் தேவையா என ஆராயக் குழு அமைக்கச் சொல்லி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. இத்தனைக்கும் நடுவே ஒரு சட்டம் மட்டும் நேராகப் பேசுகிறது. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், வீட்டையும் பணியிடம் என்று வரையறுக்கிறது. புகார் கொடுக்க மாவட்டந்தோறும் உள்ளூர்க் குழு இருக்க வேண்டும். இந்த அவையில் உள்ள மாணவியர் தங்கள் மாவட்டக் குழுவின் முகவரியைத் தேடிப் பார்த்தால் அதுவே ஒரு நல்ல களப்பணி.

கூசாமல் சொல்ல வேண்டிய இன்னொன்று இருக்கிறது. ஆள் வேண்டும் என்று கேட்கும் குடும்பங்களில் பல, வயது கேட்பதற்கு முன்பே சாதி கேட்கின்றன. நேரடியாகக் கேட்காதவர்கள் "நம்ம பக்கத்து ஆளா?" என்பார்கள், "சமையலறைக்கு வரலாமா?" என்பார்கள். வந்த பெண் அம்மாவின் வாயில் விரல் விட்டுப் பல்செட்டைக் கழற்றிக் கழுவுகிறார். மலம் துடைக்கிறார், உடம்பு முழுவதும் தொட்டுக் குளிப்பாட்டுகிறார். ஆனால் அவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், பாத்திரம் விளக்கும் இடத்துக்குப் பக்கத்தில் அது கவிழ்ந்திருக்கும். அவர் குடிக்கும் டம்ளரைத் தொடமாட்டோம், அவர் கை நம் அம்மாவைத் தொடலாம். படித்த வீடுகளில், சுவரில் தலைவர்கள் படம் மாட்டிய வீடுகளில் இதைப் பார்த்திருக்கிறேன். முதியோர் இல்லத்தில் சாதி இல்லை என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் அங்கே சமையல் பொதுவாக இருப்பதால் இந்த டம்ளர் அரசியலுக்கு இடம் குறைவு. இல்லத்தின் பக்கம் நான் எழுதிக்கொள்ளும் ஒரு மதிப்பெண் அது.

இல்லத்தின் பக்கம் வேறு மதிப்பெண்களும் உண்டு. மூன்றாவது மாடி ஃபிளாட்டில் ஒரு பாட்டி, ஒரு அட்டெண்டர், ஒரு டிவி, கூடத்து மூலையில் ஒரு கேமரா. கேமராவின் மறுமுனையில் நியூஜெர்சியில் மகள். "ஏன் அம்மா இன்னும் டயப்பர் மாத்தல?" என்று அங்கிருந்து போன் வரும். இதையும் வீட்டுப் பராமரிப்பு என்றுதான் சொல்கிறோம். அந்தப் பாட்டி தன் வயதுக்காரி ஒருத்தியோடு பேசி மாதங்கள் ஆகியிருக்கும். நடக்க முடிகிற, பேச ஆள் தேடுகிற முதியவருக்கு நல்லதோர் இல்லம் இந்த ஃபிளாட்டை விட எவ்வளவோ மேல். கோவைப் பக்கம் ஓய்வுக்காலக் குடியிருப்புகள் இத்தனை பெருகியதற்கு அதுவும் ஒரு காரணம், வசதி உள்ளவர்கள் மட்டுமே எட்டக்கூடியவை என்றாலும். தூக்க இரண்டு பேர் வேண்டிய கனத்த உடம்பு, அடிக்கக் கை ஓங்கும் அளவுக்கு முற்றிய மறதி, தொண்டையில் துளையிட்டு அடிக்கடி சளி உறிஞ்ச வேண்டிய நிலை, மேற்பார்வை பார்க்க உள்ளூரில் ஒரு ரத்த உறவுகூட இல்லாத வீடு: இங்கெல்லாம் வீட்டில்தான் வைத்திருப்பேன் என்று பிடிவாதம் பிடிப்பது பெற்றோருக்காக அல்ல, ஊர் வாய்க்குப் பயந்து. ஊர் வந்து ஒரு நாள்கூட பெட்பேன் எடுக்கப்போவதில்லை.

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-இல் வந்தது. மாவட்டத்துக்கு ஓர் இல்லமாவது, ஆதரவற்ற முதியோர் 150 பேர் தங்கும் அளவில் மாநில அரசு அமைக்கலாம் என்கிறது. இல்லம் என்றால் பதிவு உண்டு, சமூகநலத் துறை அதிகாரி வந்து பார்க்கலாம், நோயாளியைக் கட்டிப்போட்டிருந்தால் கேட்க ஒரு ஆளாவது உண்டு. வீட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சியோ ஒரு மொபைல் எண்ணும் ஒரு விசிட்டிங் கார்டும் இருந்தால் தொடங்கிவிடலாம். இரண்டு நாள் யாரோ சொல்லிக் கொடுத்த பெண்ணை "டிரெயின்டு நர்ஸ்" என்று அனுப்புவார்கள். மூக்குக்குழாய் வழியாக உணவு கொடுக்கும் முன், குழாய் வயிற்றில்தான் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தலைப்பக்கத்தை உயர்த்தி வைக்க வேண்டும். கொடுத்து முடித்து அரைமணியாவது மட்டமாகப் படுக்கவைக்கக் கூடாது. இந்த மூன்றும் தெரியாத கையில் சிரிஞ்சைக் கொடுப்பது கொலைக்குச் சமம். குற்றம் அந்தக் கையினுடையதல்ல.

தேசியத் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் இதற்கென்று வகுத்த பாடத்திட்டங்கள் உள்ளன. தேசியச் சமூகப் பாதுகாப்பு நிறுவனமும் முதியோர் பராமரிப்பாளர் பயிற்சி நடத்துகிறது. நாட்டிலேயே முதன்முதலாக முதியோர் மருத்துவத்துக்குத் தனிப் பிரிவு தொடங்கியது சென்னை அரசுப் பொது மருத்துவமனையில், டாக்டர் வ.செ.நடராசனின் முயற்சியில், 1978-இல். கிண்டியில் தேசிய முதியோர் நல மையம் 2024 முதல் இயங்குகிறது. நமக்கு அறிவுப் பஞ்சம் இல்லை. அந்த அறிவு திருக்கோவிலூர்ப் பெண்ணின் கைக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

இதுவரை பேசியதெல்லாம் மாதம் ரூ.20,000 எடுத்து வைக்க முடிந்தவர்களின் கதை. தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 2023 ஆகஸ்டில் 1,000-லிருந்து 1,200 ரூபாயானது. அதை நம்பி வாழும் கிழவிக்கு அட்டெண்டர் யார்? பல நேரங்களில் பள்ளியை விட்டு நிறுத்தப்பட்ட பேத்தி. இங்கே நமக்குக் கையருகே ஒரு கருவி இருக்கிறது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மாத்திரை தருவதோடு நிற்கவில்லை. படுக்கையில் இருப்பவர்களுக்கு வலி தணிப்புச் சிகிச்சையையும் இயன்முறைச் சிகிச்சையையும் வீட்டுக்கே கொண்டுபோகிறது. கேரளத்தில் 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி தணிப்பு இயக்கம், அக்கம்பக்கத்துத் தொண்டர்களைப் பயிற்றுவித்து வீடு வீடாக அனுப்பியது. 2008-இல் மாநில அரசின் கொள்கையாகவே ஆனது. இரண்டிலும் ஒரு பொது அம்சம் உண்டு. வெளியாள் ஒருவர் முறையாக வீட்டுக்குள் வருகிறார், பார்க்கிறார், எழுதுகிறார். தொழிலாளர் அதிகாரியை எந்த வீட்டுக்காரரும் உள்ளே விடமாட்டார். செவிலியரை விடுவார். அந்தச் செவிலியரின் படிவத்தில் நோயாளியின் ரத்த அழுத்தத்துக்குக் கீழே இன்னொரு கட்டம் சேர்க்க முடியும்: பராமரிப்பவர் நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினார்? அவர் பேத்தியானாலும் சரி, மருமகளானாலும் சரி, சம்பளத்துக்கு வந்தவரானாலும் சரி. செலவில்லாத சீர்திருத்தம் என்று ஒன்று இருந்தால் இதுதான்.

அரசு நினைத்தால் ஏஜென்சிகளைப் பதிவு செய்யவைக்கலாம். 2025-26 நிதிநிலை அறிக்கையில் அறிவித்த 25 அன்புச்சோலை பகல்நேர மையங்கள் எல்லா நகரங்களுக்கும் பெருகினால், பகலில் சில மணி நேரமாவது பராமரிப்பவருக்கு மூச்சு விட இடம் கிடைக்கும். அதெல்லாம் நடக்கட்டும். அதுவரை வீட்டுக்காரர்கள் செய்யக்கூடியது ஒன்று. ஆள் வைப்பதற்கு முன் வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்து, சம்பளம், அது நேராக யார் கணக்குக்குப் போகிறது, தொடர்ந்து எட்டு மணி நேரம் ஓய்வு எப்போது, அந்த நேரத்தில் நோயாளியைப் பார்ப்பது வீட்டில் யார், வாரத்தில் எந்த நாள் விடுப்பு, படுக்க எந்த அறை என்று எழுதி, இருவரும் கையெழுத்துப் போடுங்கள். "அந்த நேரத்தில் பார்ப்பது யார்" என்ற இடத்தில் ஒரு பெயர்கூட எழுத முடியாத குடும்பம், இரண்டாவது ஆளை வைக்க வேண்டும். அதற்கும் வசதி இல்லையென்றால், நல்ல இல்லமாகத் தேடுவதே நேர்மை.

இந்தக் கல்லூரிக்கு ஒரு கோரிக்கையோடு முடிக்கிறேன். உங்களிடம் சமூகப்பணித் துறை இருக்கிறது, மனையியல் துறை இருக்கிறது, பக்கத்திலேயே அரசு மருத்துவமனை இருக்கிறது. ஏற்கெனவே இந்த வேலையில் உள்ள பெண்களுக்கு மூன்று மாதச் சான்றிதழ் வகுப்பு ஒன்றைத் தொடங்குங்கள். எட்டாம் வகுப்புப் படிப்பு போதும் என்று வையுங்கள், பாடம் முழுவதும் தமிழில் இருக்கட்டும், கட்டணம் வேண்டாம். திருப்பிப் படுக்கவைப்பது, ஊட்டுவது, குழாய் வழி உணவு, தன் முதுகு பிடித்துக்கொள்ளாமல் நோயாளியைத் தூக்குவது ஆகியவற்றைச் செவிலியர் சொல்லிக்கொடுக்கட்டும். நல வாரியத்தில் பதிவது எப்படி, சம்பளம் பாக்கி வைத்தால் எங்கே போவது என்பதை உங்கள் மாணவியர் சொல்லிக்கொடுக்கட்டும். வகுப்பை ஞாயிற்றுக்கிழமையில் வைக்காதீர்கள். அவர்களில் பலருக்கு ஞாயிறு விடுப்பு கிடையாது.